ஏசி சர்வீஸுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? முதல்முறை ஏசி வைத்திருப்பவர்களுக்கு

மெக்கானிக் வந்து, அறைக்குள் மாட்டியிருக்கும் இன்டோர் யூனிட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், கேஸ் கம்மியா இருக்கு" என்கிறார். நம்மில் பெரும்பாலானோர் உடனே கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். கேட்க வேண்டியது அதுவல்ல. "எங்க லீக் அண்ணா?" என்று கேட்க வேண்டும். 600 ரூபாயில் முடிய வேண்டிய வேலை 3,500 ரூபாயாக ஊதிப்போவது அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான்.

சென்னையில் முதல்முறையாக ஏசி வாங்கியவர்களையும், ஏசி மாட்டிய வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பேசப்போவது வீட்டில் இருக்கும் ஒரு டன், ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி பற்றி. சொல்லும் தொகைகள் எல்லாம் நகரத்தில் சாதாரணமாகக் கேட்கப்படும் சுமார் ரேட். ஏரியாவைப் பொறுத்து நூறு இருநூறு கூடும், குறையும். மே மாதத்தில் எங்கேயும் ஏறும்.

முதலில் ஸ்டிக்கரைப் படியுங்கள்

வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மாடல் எண், எந்த கேஸ் (குளிரவைக்கும் வாயு), எத்தனை கிராம் கேஸ், எத்தனை ஆம்பியர் கரன்ட் இழுக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். போனில் தெளிவாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயிலும் மழையும் பட்டு மூன்று நான்கு வருடத்தில் எழுத்து அழிந்துவிடும். அப்புறம் மெக்கானிக் சொல்வதுதான் கணக்கு.

அதில் ஆர்-32 என்று இருந்தால் சமீப வருட ஏசி. ஆர்-410ஏ என்றால் அதற்குக் கொஞ்சம் முந்தையது. ஆர்-22 என்றால் பழசு. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். ஒன்றரை டன் ஏசியில் கேஸ் எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

அப்படியே வாரன்டி அட்டையையும் புரட்டுங்கள். வழக்கமாக மொத்த ஏசிக்கும் ஒரு வருடம், கேஸை அழுத்திச் சுற்றவிடும் காம்ப்ரஸருக்கு 10 வருடம் என்று போட்டிருப்பார்கள். 10 வருடம் என்பது காம்ப்ரஸர் என்ற அந்த ஒரு பாகத்துக்கு மட்டும். அதை மாற்றும்போது நிரப்பும் கேஸ், கூலி, வண்டி வாடகை எல்லாம் பல கம்பெனிகளில் தனி. வாரன்டி காலத்தில் வெளி மெக்கானிக் கை வைத்தால் வாரன்டி செல்லாது என்ற நிபந்தனையும் இருக்கலாம். அதனால் முதல் வருடம் கம்பெனி சர்வீஸையே கூப்பிடுவது நல்லது. ஒரு வருடத்துக்குள் இத்தனை சர்வீஸ் இலவசம் என்று கொடுத்திருந்தால் விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களாகக் கூப்பிட்டு நினைவூட்டுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

காசு செலவில்லாத வேலை

ஃபில்டர் கழுவுவதற்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை. ஏசிக்கான எம்சிபியை, அதாவது அதன் பிரேக்கர் ஸ்விட்சை, ஆஃப் செய்யுங்கள். இன்டோரின் முன் மூடியை இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கினால் வலை மாதிரி இரண்டு ஃபில்டர் தெரியும். லேசாக மேலே தள்ளிக் கீழ்ப்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். தூசி படிந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்கள். முன்பக்கமிருந்து அடித்தால் தூசி கண்ணிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. நிழலில்தான் காயவைக்க வேண்டும். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து, திரும்ப மாட்டும்போது உட்காராது. முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

ஏசி தினமும் ஓடுகிறது என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். மெயின் ரோட்டை ஒட்டிய வீடு, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்றால் வாரம் ஒரு முறை.

இதில் மிச்சமாகும் காசு சின்னதில்லை. அடைத்த ஃபில்டரை மாற்றினாலே ஏசியின் மின்செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ஒன்றரை டன் ஏசி ஒரு ராத்திரிக்கு 8 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். அதில் பத்து சதவீதம் 48 யூனிட். வீட்டின் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போகும். ஆக, ஒரு பில்லில் கிட்டத்தட்ட 400 ரூபாய். ஒரு சர்வீஸ் செலவில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடுகிறது.

அவுட்டோர் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். அதன் மேல் துணி காயப்போடுவது, முன்னால் பழைய பெட்டிகளை அடுக்குவது, புறா கூடு கட்டியதைப் பாவம் பார்த்து விட்டுவைப்பது எல்லாம் சூடான காற்றை வெளியே போகவிடாமல் செய்யும். டிரெயின் பைப்பின் முனை பக்கெட் தண்ணீருக்குள் முங்கியிருந்தாலோ எங்காவது மடங்கியிருந்தாலோ தண்ணீர் திரும்பி இன்டோர் வழியாகச் சுவரில் வழியும். இதைச் சரிசெய்ய ஆள் வந்தால் விசிட்டிங் சார்ஜ் உண்டு. நாமே மடிப்பை நிமிர்த்தினால் இல்லை.

எப்போது, யாரை?

மாசி மாதமே கூப்பிட்டுவிடுங்கள். பங்குனி பிறந்து வெயில் ஏறினால் மெக்கானிக்குகள் போன் எடுப்பதே அபூர்வம். அக்னி நட்சத்திரத்தில் வருகிறவர் இருபது நிமிடத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மழைக்காலம் முடிந்த பிறகு இன்னொன்று, ஆக வருடத்துக்கு இரண்டு வாட்டர் சர்வீஸ் (தண்ணீர் அடித்துக் கழுவுவது) சாதாரண வீட்டுக்குப் போதும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம், ஈசிஆர் மாதிரி கடலை ஒட்டிய இடம் என்றால் மூன்று. உப்புக்காற்று அவுட்டோர் காயிலின் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) அலுமினியத் தகடுகளை அரித்து மாவாக உதிர்த்துவிடும். அதைத் தள்ளிப்போட ஒரே வழி, உப்பை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவிடுவதுதான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை இதற்குக் கொடுக்காதீர்கள்.

யாரைக் கூப்பிடுவது என்பதற்கு மூன்று வழி இருக்கிறது. கம்பெனி சர்வீஸ்: விலை கூடுதல், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆனால் பில்லும் அசல் பாகமும் கிடைக்கும். ஆப் வழியாக வருபவர்கள்: ரேட் முன்கூட்டியே திரையில் தெரியும், வருகிற ஆள் ஒவ்வொரு முறையும் வேறு. ஏரியா மெக்கானிக்: விலை குறைவு, பில் பெரும்பாலும் கிடையாது, ஆனால் உங்கள் வீட்டு ஏசியின் சரித்திரம் அவருக்குத் தெரியும். வாரன்டி முடிந்த ஏசிக்கு, விசாரித்துக் கண்டுபிடித்த ஒரு நல்ல ஏரியா மெக்கானிக்குக்குத்தான் என் ஓட்டு. கீழ்வீட்டு மாமியிடமோ அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடமோ கேட்டால் நம்பர் கிடைக்கும். கேட்கும்போது "நல்லா பண்ணுவாரா?" என்று கேட்காதீர்கள், "வருஷா வருஷம் கேஸ் போடச் சொல்றாரா?" என்று கேளுங்கள்.

ரேட் விவரம்

ஃபில்டரையும் மேல்புறத்தையும் சுத்தம் செய்யும் டிரை சர்வீஸ் 300 முதல் 450 ரூபாய். ஃபில்டரை நீங்களே கழுவுகிறவர் என்றால் இது வேண்டாத செலவு. இன்டோர், அவுட்டோர் இரண்டையும் தண்ணீர் அடித்துக் கழுவும் வாட்டர் சர்வீஸ் 500 முதல் 800. ஜெட் பம்ப், ஃபோம் என்று பெயர் சேர்ந்தால் 1,000 வரை. வெறும் பார்வையிட மட்டும் வந்தால் விசிட்டிங் சார்ஜ் 200 முதல் 400. வேலையை அவரிடமே கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அவுட்டோர் சுவரில் வெளிப்பக்கமாகத் தொங்கி, ஏணியோ கயிறோ கட்டி இறங்க வேண்டும் என்றால் தனியாக 300, 500 கேட்பார்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலை, பேரம் பேச வேண்டாம்.

போனில் பேசும்போது சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "ஒன்றரை டன் ஸ்பிளிட், இன்டோர் அவுட்டோர் ரெண்டும் வாட்டர் சர்வீஸ், எல்லாம் சேர்த்து எவ்வளவு?" 'சர்வீஸ்' என்று மட்டும் சொன்னால், 399 ரூபாய்க்கு வந்தவர் அவுட்டோரைத் தொடாமல் போவார். கேட்டால் "அது தனி சார்" என்பார்.

துருப்பிடிக்காமல் இருக்க ஸ்பிரே, காயில் கோட்டிங், கிருமிநாசினி என்று 500 ரூபாயிலிருந்து 1,500 வரை மேலே சில அயிட்டங்கள் நீட்டப்படும். ஏற்கெனவே அழுக்கும் உப்பும் ஏறிய காயிலின் மேல் அடிக்கும் ஸ்பிரேக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள்

ஒழுங்கான வாட்டர் சர்வீஸ் ஒரு யூனிட்டுக்கு 45 நிமிடமாவது எடுக்கும். மெக்கானிக் வந்ததும் முதலில் ஏசியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சத்தம், குளிர்ச்சி எப்படி இருந்தது என்பது கழுவிய பிறகு ஒப்பிடத் தேவை. பிறகு கரன்ட்டை நிறுத்தி, முன் மூடி, ஃபில்டர், காற்றைத் திருப்பும் மடல் எல்லாவற்றையும் கழற்றுவார். வலதுபக்க ஓரத்தில் எலக்ட்ரானிக் போர்டு இருக்கும். பல மாடல்களில் அங்கேதான். அதை பிளாஸ்டிக் தாளால் மூடாமல் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் போர்டின் விலை நாலு சர்வீஸ் விலைக்கு மேல்.

இன்டோரைச் சுற்றிப் பை மாதிரி ஷீட் கட்டி, அதன் வாயை பக்கெட்டில் விட்டு, காயிலில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடிப்பார். முதலில் இறங்கும் தண்ணீர் கருப்பாக, டீத்தூள் கசடு போலத் திப்பி திப்பியாக வரும். அது தெளியும்வரை அடிக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் புளோயர், அதாவது உருளையாக நீளமாக இருக்கும் காற்றாடி. காற்று வரும் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் இறகுகள் தெரியும். ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் தூசி கோடாகப் படிந்திருந்தால் வேலை முடியவில்லை. ஏசி போட்டதும் ஈரச் சாக்கு நாற்றம் வருகிறது என்று புகார் சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இந்தப் புளோயரும் அதன் கீழே இருக்கும் டிரெயின் தட்டும்தான் காரணம். கடைசியாக டிரெயின் தட்டில் ஒரு மக் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பைப் வழியாக வெளியே தடையில்லாமல் விழுகிறதா என்று பாருங்கள்.

அவுட்டோரில் தகடுகளின் மேல் தண்ணீரை நேராக அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தாலோ ஜெட்டை மிக அருகில் பிடித்தாலோ தகடு மடங்கிக் காற்று போகும் வழி அடைபடும்.

எல்லாம் மாட்டியதும் 24 டிகிரியில் வைத்துப் பதினைந்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். 24 என்பது சும்மா சொன்ன எண் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு பெறும் ஏசிகள் ஆன் செய்ததும் 24-இல் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் அறைக் காற்றையும், ஏசி வாயிலிருந்து வரும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் காம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் அறை சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும்.

கேஸ் விவகாரம்

பைக்கில் பெட்ரோல் தீர்வது மாதிரி ஏசியில் கேஸ் தீராது. மூடிய காப்பர் குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் போட்டால் சில வாரத்திலோ அடுத்த கோடையிலோ அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும் சார்" என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து, வரிசை முக்கியம். சர்வீஸ் முடியும் முன்னால் கேஸ் பேச்சே எடுக்கக் கூடாது. காயில் அழுக்கேறிக் காற்று சரியாகப் போகாவிட்டால் மெக்கானிக்கின் கேஸ் மீட்டரில் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். காயிலில் ஐஸ்கூடக் கட்டும். கேஸ் சரியாகவே இருக்கும், பார்த்தால் குறைந்த மாதிரி தெரியும். கழுவிய பிறகு அதே மீட்டர் ஒழுங்கான எண்ணைக் காட்டும். ஆகவே முதலில் சர்வீஸ், பிறகு ஓடவிட்டுப் பார்ப்பது, அப்புறமும் குளிரவில்லை என்றால்தான் மீட்டர் மாட்டுவது.

மீட்டர் மாட்டினால் எண்ணை நீங்களும் பாருங்கள். ஏசி ஓடும்போது ஆர்-22 என்றால் 60 முதல் 70 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), ஆர்-410ஏ, ஆர்-32 என்றால் 110 முதல் 140 வரை என்பது சாதாரண அளவு. இன்வெர்ட்டரில் காம்ப்ரஸர் வேகத்துக்கேற்ப இது ஏறி இறங்கும். எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவுட்டோரில் இருக்கும் இரண்டு குழாய்களில் மெல்லியதன் வால்வில் பனி பூத்திருந்தால் கேஸ் குறைவு என்ற சந்தேகம் வலுக்கும்.

உண்மையிலேயே லீக் என்றால் செய்ய வேண்டிய வேலை இப்படி இருக்கும். குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுவார்கள். குமிழ் கிளம்பும் இடம் ஓட்டை. பெரும்பாலும் இன்டோரிலோ அவுட்டோரிலோ குழாய் இணையும் நட்டு, வால்வு முனை, அரித்துப்போன காயிலின் வளைவு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். நட்டு என்றால் குழாய் முனையை வெட்டித் திரும்ப விரித்து முடுக்கினால் போதும். காயில் என்றால் பற்றவைக்க வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப்பை மாட்டி அரை மணி நேரமாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். கடைசியாகச் சிலிண்டரைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி கேஸ் ஏற்ற வேண்டும். ஸ்டிக்கரைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த முழு வேலைக்கு 2,500 முதல் 3,500 ரூபாய் நியாயம். பற்றவைக்கும் வேலை சேர்ந்தால் இன்னும் 500 முதல் 1,500. வேக்குவம் பம்ப் இல்லாமல், தராசு இல்லாமல், கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றை வெளியேற்றி "டாப்-அப்" என்று முடிப்பவருக்கும் அதே 2,500 கொடுப்பதில் அர்த்தமில்லை. உள்ளே தங்கும் ஈரம் காம்ப்ரஸர் எண்ணெயைக் கெடுக்கும். அதன் பலன் உடனே தெரியாது, காம்ப்ரஸர் போகும்போது தெரியும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜன்தான் பயன்படுத்த வேண்டும். பற்றவைக்கக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டரையே குழாயில் மாட்டினால், உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய வாயு. வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

போர்டு, கெபாசிட்டர்

அவுட்டோர் காற்றாடி சுற்றுகிறது, ஆனால் காம்ப்ரஸர் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் முதல் சந்தேகம் கெபாசிட்டர். மெக்கானிக்குகள் பலர் இதைக் 'கண்டென்சர்' என்பார்கள். கூலியோடு 500 முதல் 900 ரூபாயில் முடிந்துவிடும். பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்பக்கம் உப்பியிருந்தால் மாற்றியது நியாயம்.

இன்வெர்ட்டர் ஏசியில் பணம் கரையும் இடம் அவுட்டோர் போர்டு. புதிது 5,000-இல் தொடங்கி 12,000-ஐயும் தாண்டும். நம் ஊரில் அது போவதற்கு ஒரு காரணம் பல்லி. இளஞ்சூட்டைத் தேடி உள்ளே போய், இரண்டு முனையை ஒரே நேரத்தில் மிதித்துவிடும். போர்டு பெட்டியைத் திறந்தால் கருகிய பல்லி ஒட்டியிருப்பதைச் சென்னை மெக்கானிக்குகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வயர் போகும் ஓட்டைகளை அடைத்துத் தரச் சொல்லி சர்வீஸின்போதே கேளுங்கள், காசு ஆகாது. போர்டு போய்விட்டது என்றால் புதிது வாங்கும் முன், போர்டு ரிப்பேர் செய்யும் கடையில் காட்டச் சொல்லுங்கள். 2,000 முதல் 4,000-க்குள் சரியாகும் வாய்ப்பு உண்டு. மூன்று மாதமாவது வாரன்டியை எழுதி வாங்குங்கள்.

ஏ.எம்.சி. போடலாமா?

வருட ஒப்பந்தம் இரண்டு வகை. பாகம் சேராதது 1,500 முதல் 2,500. இரண்டு மூன்று சர்வீஸும் கூப்பிட்டால் வந்து பார்ப்பதும் அடங்கும். தனித்தனியாக இரண்டு சர்வீஸ் செய்தால் 1,200, 1,600 ஆகும் என்பதால் இதில் பெரிய லாபம் இல்லை. பாகம், கேஸ் எல்லாம் சேர்ந்தது 4,500 முதல் 7,500. ஏசி புதிதாக இருக்கும் முதல் மூன்று நான்கு வருடம் இது வீண். ஐந்து வருடம் தாண்டிய இன்வெர்ட்டர், அதுவும் கடற்கரைப் பக்கம் என்றால் யோசிக்கலாம். கையெழுத்துப் போடும் முன் காயிலும் போர்டும் அடங்குமா என்று பாருங்கள். அந்த இரண்டையும் விலக்கிய ஒப்பந்தத்தில் வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். சர்வீஸ் குடியிருப்பவர் செலவு, காம்ப்ரஸர், போர்டு, காயில் வீட்டுக்காரர் செலவு என்பது நியாயமான ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வைத்தால் போதும்.

ஆர்-22 ஓடும் பழைய ஏசி

மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி நம்மைப் போன்ற வளரும் நாடுகள் 2030-க்குள் ஏறக்குறைய முழுதாகக் கைவிட வேண்டிய வாயு ஆர்-22. புதிய ஏசிகள் அதில் வருவதில்லை. உங்கள் பழைய ஏசி ஓடுகிறது, லீக் இல்லை என்றால் வருடம் இரண்டு வாட்டர் சர்வீஸோடு ஓட்டுங்கள். காயில் அரித்து லீக் வந்தால் அதற்குமேல் செலவழிக்காதீர்கள். காயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தொடும். அதைப் புதிய ஏசியில் போடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழையதைக் கழற்றும்போது கேஸை அவுட்டோருக்குள் இழுத்து வால்வை மூடிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். காற்றில் திறந்துவிட வேண்டாம். எக்ஸ்சேஞ்சுக்குக் கடைக்காரர் சொல்லும் தொகையை ஒப்புக்கொள்ளும் முன் பழைய இரும்புக் கடையிலும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். காயில் காப்பராக இருந்தால் அங்கே அதிகம் கிடைக்கலாம்.